பழைய மாண்டலினுக்கு எந்தத் தந்தி? நானே மாற்றலாமா?

முகப்புத்திண்ணை | சனி, இரவு 9.10

வணக்கம். நான் காரைக்குடி. போன வாரம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன், ஒரு மாண்டலினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் ஓடாத சுவர்க்கடிகாரத்துக்கும் நடுவில் கிடந்தது. பேரம் பேசி 3,500 ரூபாய். பின்பக்கம் தட்டையாக இல்லை. தர்பூசணியைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி உருண்டு, கீற்றுக் கீற்றாக மரம் ஒட்டியிருக்கிறது. எட்டுத் தந்தியில் ஆறுதான் மிச்சம். ஆறும் துரு. தடவிப் பார்த்தால் விரல் நுனி செம்மண்ணைத் தொட்ட மாதிரி ஆகிறது.

எனக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளியில் கொஞ்சம் கீபோர்டு, அவ்வளவுதான். ஒரு கடையில் மாண்டலின் தந்தி கேட்டேன். கிட்டார் தந்தியை எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார்கள். ஒன்றுதானா? என்ன பார்த்து வாங்க வேண்டும்? நானே மாற்றலாமா, மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோக வேண்டுமா? அப்பத்தா வேறு, "யாரு வீட்டுச் சாமானோ, எதுக்கப்பா உள்ள கொண்டாந்த" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கிட்டார்க்கிறுக்கன் | சனி, இரவு 9.32

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை நண்பா. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வரும் 10 செட்டில் 10, 13, 17, 26, 36, 46 என்று ஆறு கனத்தில் ஆறு தந்தி இருக்கும். இரண்டு செட் வாங்கி 10, 13, 26, 36 நான்கையும் ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டால் மாண்டலினுக்குச் சரியாக வந்துவிடும். கல்லூரியில் நான் அப்படித்தான் ஓட்டினேன்.

எட்டுத்தந்தி | சனி, இரவு 10.05

முகப்புத்திண்ணை தம்பி, கொஞ்சம் பொறுங்கள். எதையும் வாங்காதீர்கள். முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

நீங்கள் சொல்கிற தர்பூசணி முதுகு இத்தாலியில் நேபிள்ஸ் பக்கத்துப் பழைய பாணி. அமெரிக்கப் பாணி மாண்டலின்களுக்கு முதுகு தட்டை, அல்லது வயலின் மாதிரி லேசான வளைவு. சுருதி இரண்டுக்கும் ஒன்றுதான். கீழிருந்து மேலே ஜி, டி, ஏ, இ. வயலினுக்கு உள்ளதே. ஒவ்வொன்றும் இரட்டைத் தந்தி என்பதால் எட்டு. ஆனால் தாங்கும் சக்தி ஒன்றல்ல. உருண்டை முதுகு மாண்டலினின் மேல்பலகை மெல்லியது, உள்ளே கட்டையும் குறைவு.

தந்தி உறையில் போட்டிருக்கும் 10, 11 எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 10 என்றால் கால் மில்லிமீட்டர் கனம். சாதாரண அளவு மாண்டலினில் 10 தந்தியை இ சுருதிக்கு ஏற்றினால் ஒற்றைத் தந்தியே எட்டரை கிலோவுக்கு மேல் இழுக்கும். 11 போட்டால் 10 கிலோவைத் தாண்டும். எட்டையும் கூட்டினால் மெல்லிய தந்திகள் உள்ள லைட் செட்டே 65 கிலோவை ஒட்டி வருகிறது. அரிசி மூட்டையை ஒரு மெல்லிய பலகைமேல் ராப்பகலாக ஏற்றி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மீடியம் செட், அதாவது 11, 15, 26, 40, இப்போது வரும் கெட்டி மாண்டலினுக்குச் சரி. உங்களுடையதில் போட்டால் சில மாதத்தில் மேல்பலகை பள்ளம் விழும். 9-இல் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் கிடைத்தால் அதுதான் உங்களுக்கு. கிடைக்காவிட்டால் 10, 14, 24, 34 லைட். அதற்கு மேல் போகவே வேண்டாம்.

இன்னொன்று, தந்தியின் வால். கிட்டார் தந்தி முனையில் பித்தளைக் குண்டு இருக்கும். பெரும்பாலான மாண்டலினில் அடித்தகட்டில் கொக்கிகள்தான் இருக்கும். அதற்குக் கண்ணி வைத்த தந்தி வேண்டும். தகர மூடியை மெல்லத் தள்ளி எடுத்துவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

முகப்புத்திண்ணை | ஞாயிறு, காலை 8.20

பார்த்தேன் அண்ணே. எட்டுக் கொக்கி, சின்னச் சின்னதாக. மூடிக்குள் ஒரு குளவிக்கூடும் இருந்தது.

கிட்டார்க்கிறுக்கன் | ஞாயிறு, காலை 9.00

குண்டு பிரச்சினையே இல்லை. கட்டிங் பிளேயரால் குண்டை நசுக்கினால் பிளந்து விழுந்துவிடும். மிச்சம் இருப்பது கண்ணிதான்.

எட்டுத்தந்தி | ஞாயிறு, காலை 9.25

அது வேலை செய்யும், நானும் செய்திருக்கிறேன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும், பித்தளைச் சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் தடவை தந்தி மாற்றுகிறவர், அதுவும் பழைய மாண்டலினில், எதற்கு அந்தச் சர்க்கஸ்? இணையத்தில் மாண்டலின் தந்தி என்றே கிடைக்கிறது. உறையில் 'லூப் எண்ட்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கட்டும்.

கோட்டையூரான் | ஞாயிறு, காலை 11.40

நான் தச்சுவேலைக்காரன், வாசிக்கத் தெரியாது. ஆனால் நாலைந்து வாத்தியத்துக்கு வயிறு ஒட்டியிருக்கிறேன். தந்திக்குக் காசு போடுவதற்கு முன்னால் மரத்தைப் பாருங்கள். தலைப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் ஓரத்தைப் பார்த்தால் நேராகப் போக வேண்டும். பலகை இழைக்கும்போது நாங்கள் பார்ப்போமே, அந்த மாதிரி. வில்லாக வளைந்திருந்தால் தந்தி மாற்றி ஒரு பயனும் இல்லை. மேல்பலகையில் ஓட்டைக்கும் குதிரைக்கும், அதாவது தந்திகள் ஏறி நிற்கும் சின்னக் கட்டைக்கும், நடுவில் ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள், பள்ளம் தெரியும். ஆனால் இந்தப் பாணியில் குதிரைக்கு அருகே பலகையையே ஒரு மடிப்பு மடித்துத்தான் செய்திருப்பார்கள். அதைப் பார்த்து ஒடிந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் திருகு, அதன் பல்சக்கரம் இறுகியிருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, தீக்குச்சி முனையால் வையுங்கள். மரத்தில் படக்கூடாது.

எல்லாத் தந்தியையும் கழற்றிவிட்டு, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளை, மெட்டு என்பார்களே, அவற்றை நன்றாகத் துடைத்துவிடுங்கள். இவ்வளவு வருட அழுக்கு இருக்கும்.

பள்ளத்தூர்க்காரி | ஞாயிறு, மாலை 4.15

நான் கர்நாடக இசைக்காக எலெக்ட்ரிக் மாண்டலின் கற்றுக்கொள்கிறேன், அதனால் என் கேள்வி வேறு. தம்பி எதை வாசிக்கப் போகிறீர்கள்? மாண்டலின் என்றதும் நம் பக்கம் எல்லோருக்கும் யு. ஸ்ரீநிவாஸ்தான் நினைவு வரும். 1969-இல் பாலகொல்லுவில் பிறந்து, சின்னப் பையனாக மேடையேறி, 2014-இல் 45 வயதிலேயே போய்விட்டார். அவர் வாசித்தது இந்த எட்டுத்தந்தி இல்லை. இரட்டைத் தந்தியை விட்டுவிட்டு ஒற்றைத் தந்தியாக்கி, மந்திர ஸ்தாயிக்கு, அதாவது கீழ்ச் சுருதிக்கு, ஒன்று சேர்த்து ஐந்து தந்தியாக வைத்துக்கொண்டார், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவி) வைத்த கெட்டி மரத்தில். காரணம் கமகம், தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைப்பது. ஜோடித் தந்தியில் ஒன்றை ஒரு நூல் கூட இழுத்துவிட்டாலும் இரண்டும் பிரிந்து காதைக் குத்தும்.

அந்த மாதிரி மாண்டலினுக்குத் தந்தி வாங்குகிறவர்கள் கனத்த தந்திகளில் எஃகின்மேல் நிக்கல் கம்பி சுற்றியது வாங்குங்கள். காந்தப் பிக்கப்புக்கு வெண்கலச் சுற்று சரியாகக் கேட்காது. உள்ளே இருக்கும் எஃகு மட்டும்தான் பேசும். மேல் தந்தி பளீரென்றும் கீழ்த் தந்தி மொண்ணையாகவும் வரும். நான் முதலில் அழகாக மின்னுகிறதே என்று பாஸ்பர் வெண்கலம் வாங்கி ஏமாந்தேன்.

எட்டுத்தந்தி | ஞாயிறு, மாலை 5.30

அக்கா சொல்வது சரி. தம்பியுடையது பிக்கப் இல்லாதது, அதனால் அவருக்கு வெண்கலம்தான். இரண்டு வகை வரும். 80/20 என்பது 80 பங்கு செம்பு, 20 துத்தநாகம். கணக்குப்படி பார்த்தால் பித்தளை, ஆனால் எல்லோரும் வெண்கலம் என்றே சொல்கிறார்கள். புதிதில் கணீரென்று இருக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் வெண்கலம் கொஞ்சம் இதமாகப் பேசும், கொஞ்சம் கூட உழைக்கும். நம் ஊர் வெயிலில் வேர்த்த கையோடு வாசிக்கிறவர்களுக்கு நான் பாஸ்பரைத்தான் சொல்வேன். எது வாங்கினாலும் சுற்று இருப்பது ஜி, டி ஜோடிகளுக்கு மட்டும்தான். ஏ, இ வெறும் எஃகு. தட்டையாகச் சுற்றியதும் உண்டு. விரல் உரசும் சத்தம் இருக்காது, விலைதான் எகிறும். முதல் செட்டுக்கு வேண்டாம்.

தேவகோட்டைவாசி | ஞாயிறு, இரவு 7.10

எங்கள் ஐயா வீணைத் தந்தியைக் கண்ணி முறுக்கி மாண்டலினில் போடுவாராம். காரைக்குடி சகோதரர்களுக்குப் பேர்போன ஊரில் வீணைத் தந்திக்குப் பஞ்சமா? வீணையின் முதல் இரண்டு தந்திகள், சாரணியும் பஞ்சமமும், எஃகுதானே.

எட்டுத்தந்தி | ஞாயிறு, இரவு 7.45

மேல் இரண்டு ஜோடிக்கு அந்தக் காலத்தில் பலர் செய்ததுதான். கனம் தெரியாமல் போடுவதுதான் ஆபத்து. அப்படிக் கையில் இருக்கும் தந்தியின் கனம் தெரிய வேண்டுமென்றால் ஏதாவது நகைப் பட்டறையில் கொடுங்கள், கம்பி அளக்கும் கருவி வைத்திருப்பார்கள். 0.25 மில்லிமீட்டர் வந்தால் அது 10, 0.36 வந்தால் 14. ஒருமுறை 'பத்து' என்று எனக்குக் கொடுத்த தந்தி ஆசாரி கையில் 0.30 காட்டியது. அதை இ-க்கு ஏற்றியிருந்தால் 12 கிலோவுக்கு மேல் இழுத்திருக்கும்.

முகப்புத்திண்ணை | வியாழன், இரவு 8.50

கழுத்து நேராக இருக்கிறது, பள்ளம் இல்லை. 9 கிடைக்கவில்லை. பாஸ்பர் வெண்கலம், 10, 14, 24, 34, லூப் எண்ட், இன்று வந்தது. கூடவே ஒரு தப்பும் செய்துவிட்டேன். கோட்டையூரான் அண்ணன் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றி மெட்டைத் துடைத்தேன். கடைசித் தந்தி தளர்ந்ததும் குதிரை பொத்தென்று விழுந்துவிட்டது. ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன்! எங்கே இருந்தது என்று தெரியவில்லை. உடைத்துவிட்டேனா?

எட்டுத்தந்தி | வியாழன், இரவு 9.05

உடையவில்லை, பயப்படாதீர்கள். அதை ஒட்டவே மாட்டார்கள். தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். இதனால்தான் ஒன்றைக் கழற்றி, புதிது போட்டு, ஓரளவு முறுக்கிவிட்டு அப்புறம் அடுத்ததைத் தொடு என்பார்கள். நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோட்டையூரான் எழுதியதைப் படித்துவிட்டு வெண்கலத்தில் கவனம் போய்விட்டது. என் தப்பு.

விளக்கைச் சாய்வாகக் காட்டி மேல்பலகையைப் பாருங்கள். குதிரைக் கால் இருந்த இடத்தில் வார்னிஷ் வேறு நிறமாக இருக்கும்.

கோட்டையூரான் | வியாழன், இரவு 9.20

பென்சிலால் குறித்துக்கொண்டு கழற்று என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டேன் தம்பி. எங்களுக்கு எதைப் பிரித்தாலும் முதலில் கோடு போடுவது கைப்பழக்கம், அதனால் சொல்லத் தோன்றவில்லை.

முகப்புத்திண்ணை | வியாழன், இரவு 9.48

இருக்கிறது! கைப்பேசி விளக்கில் பார்த்தால் இரண்டு சின்னச் செவ்வகம், சுற்றியுள்ள இடத்தைவிட வெளிறிப்போய். ஆனால் ஒரு செவ்வகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு மங்கல் தடமும் தெரிகிறது. யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். எது சரி?

எட்டுத்தந்தி | வியாழன், இரவு 10.15

அளந்தால் தெரிந்துவிடும். தலைப் பக்கம் தந்தி உட்காரும் நட்டிலிருந்து 12-ஆவது மெட்டுக்கு எவ்வளவு தூரமோ, 12-ஆவது மெட்டிலிருந்து குதிரைக்கும் அவ்வளவு. முதல் தூரம் 16.5 செ.மீ. என்றால் குதிரை நட்டிலிருந்து 33-இல் நிற்க வேண்டும். எந்தத் தடம் அதற்குப் பக்கமோ அங்கே வைத்துத் தொடங்குங்கள். உயரம் குறைந்த பக்கம் இ-க்கு. ஜி பக்கம் ஒரு மயிரிழை பின்னால் இருக்கலாம்.

இரு ஓரத்துத் தந்திகளை, ஒரு ஜி, ஒரு இ, முதலில் தளர்வாக மாட்டுங்கள். குதிரையைப் பிடித்துக்கொள்ள அவை போதும். பிறகு உள்ளே போகலாம்.

மாட்டுவது இப்படி. கண்ணியைக் கொக்கியில் போட்டு, தந்தியை ஒரு விரலால் எப்போதும் இழுவையில் வைத்திருங்கள். தளர விட்டால் கண்ணி நழுவும். கவனிக்காமல் முறுக்கினால் பாதியில் சட்டென்று கழன்று வந்து முகத்தில் அடிக்கும். முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். பிருடைக் கம்பத்தின் துளையில் நுழைத்து, இரண்டு மூன்று விரல் அகலத்துக்குத் தொய்வு விட்டு, துளையை விட்டு வரும் இடத்தில் ஒரு மடிப்பு. சுற்று மேலிருந்து கீழே இறங்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஜி, டி-க்கு இரண்டு மூன்று சுற்றுப் போதும். இ மெல்லியது, வழுக்கும், நாலைந்து சுற்று வேண்டும். சுற்றுத் தந்தியின் வாலைச் சுருதிக்கு வந்தபிறகுதான் வெட்ட வேண்டும். மடிக்காமல் முன்கூட்டியே வெட்டினால் மேலே சுற்றிய வெண்கலம் தளர்ந்துகொள்ளும். தந்தி ஏதோ செத்த மாதிரி ஒலிக்கும், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

நட்டின் பள்ளங்களில் மழுங்கிய பென்சிலால் இரண்டு இழு இழுத்துவிடுங்கள். கரி பட்டால் தந்தி சிக்காமல் வழுக்கிப் போகும்.

முகப்புத்திண்ணை | வெள்ளி, இரவு 10.30

எட்டும் மாட்டிவிட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிருடை திருகித் திருகிக் கட்டைவிரல் போயிற்று. ஆனால் ஒன்று புரியவில்லை. இ வந்துவிட்டது என்று கைப்பேசியில் சுருதி பார்க்கும் ஆப் பச்சை காட்டுகிறது. தந்தியோ துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்குகிறது. மற்றதெல்லாம் கெட்டியாக இருக்கிறது.

பள்ளத்தூர்க்காரி | வெள்ளி, இரவு 10.41

ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறீர்கள்! ஆப் எழுத்தை மட்டும் காட்டுகிறது, எந்த ஸ்தாயி என்று சொல்லவில்லை. ஏ தந்தியை முதலில் சரியாகச் சேருங்கள். அதை 7-ஆவது மெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் சத்தம்தான் உங்கள் இ. காதால் அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். ஏ-யையும் டி-யின் 7-ஆவது மெட்டில் சரிபார்க்கலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தந்தியை மட்டும் ஆப்பில் சேர்த்துவிட்டு, கூட்டாளியைக் காதால் சேருங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டும்போது வொய்ங் வொய்ங் என்று ஓர் அலை கேட்கும். அலை நீண்டுகொண்டே போய் நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது.

முகப்புத்திண்ணை | வெள்ளி, இரவு 11.20

ஐயோ, இந்த இ வேறு மாண்டலினுடையது மாதிரி இருக்கிறது! அறுந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டுதான் ஏற்றினேன். அறவில்லை. அலை நிற்கும் இடத்தை ஏ-யில் பிடித்துவிட்டேன், ஜி-யில் இன்னும் பிடிபடவில்லை. அப்பத்தா வளவிலிருந்து எழுந்து வந்து, "மணி என்ன ஆச்சு" என்று கேட்டுவிட்டு, போகாமல் தூணில் சாய்ந்துகொண்டு நின்றார்.

எட்டுத்தந்தி | சனி, காலை 7.00

இனி குதிரையை நுணுக்கமாக வைக்கலாம். 12-ஆவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள், மணி மாதிரி ஒன்று கேட்கும். அப்புறம் அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது மேலே போனால் குதிரையைக் கழுத்தைவிட்டு விலக்கி வால் பக்கம் தள்ளுங்கள். கீழே போனால் கழுத்துப் பக்கம். தள்ளுவதற்கு முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் கால் வார்னிஷைச் சுரண்டும்.

இரண்டு மூன்று நாள் சுருதி நிற்காது. தந்தி நீண்டு கொடுக்கிறது, பிழை இல்லை. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு ஜோடியையும் அடியோடு சேர்த்துத் துடைத்துவிடுங்கள். தினமும் அரை மணி வாசித்தால் மூன்று மாதம் போல வரும். ஐப்பசி மழைக்காலத்தில் அதற்கு முன்னாலேயே இ சொரசொரத்துப் போகலாம். தனி 10 தந்தி இரண்டு வாங்கி வையுங்கள், எப்போதும் முதலில் அறுவது அதுதான்.

பள்ளத்தூர்க்காரி | சனி, காலை 9.30

கர்நாடக இசை ஆசை இருந்தால் இதையே ஜி, டி, ஜி, டி என்று வைத்துப் பாருங்கள். ஜி-யை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் ச, ப, ச, ப. சுருதி ஐந்து கட்டை. ஏ-யையும் இ-யையும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும், அவ்வளவுதான். இறக்கினால் அந்த நான்கு தந்தியிலும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தொளதொளக்கும். அடுத்த முறை வாங்கும்போது 10-க்குப் பதில் 11, 14-க்குப் பதில் 16 வாங்கினால் பழைய இழுவையே வந்துவிடும். அதற்கு மட்டும் 11 போடலாம், மேல்பலகைக்குக் கூடுதல் பாரம் இல்லை. ஆனால் 11 போட்டுக்கொண்டு மறந்துபோய் இ-க்கு ஏற்றிவிடாதீர்கள்.

முகப்புத்திண்ணை | ஞாயிறு, மாலை 6.05

குதிரையை வால் பக்கம் ஒரு மில்லிமீட்டர் போலத் தள்ளினேன், 12-ஆவது மெட்டு சரியாக வந்துவிட்டது. பார்த்தால் அந்த மங்கல் தடத்தின் மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. சரளி வரிசை முதல் வரி மட்டும் திக்கித் திக்கி வருகிறது.

தேவகோட்டைவாசி | ஞாயிறு, இரவு 8.15

தம்பி, அந்தக் கடையில் இன்னொரு மாண்டலின் இருந்ததா?

முகப்புத்திண்ணை | ஞாயிறு, இரவு 8.22

இருந்தது. இன்று போய்க் கோட்டையூரான் அண்ணன் சொன்ன மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது, 5,000 சொல்கிறார்கள். வாங்காதீர்கள் அண்ணே.